கட்டாமல் ஓட்டோ எடுக்காதவர்

உடையார்கட்டில் நான் முன்பள்ளி ஆசிரியையாக இருந்த காலத்தில், காலையில் பிள்ளைகள் வந்து இறங்குவதைப் பார்ப்பதும் என் வேலைகளில் ஒன்று. சிலர் மோட்டார் சைக்கிளில் வருவார்கள். பெற்றோல் தாங்கியின் மேல் தம்பி, பின்னால் தாய், தாய்க்கும் தகப்பனுக்கும் நடுவில் அக்கா. தலைக்கவசம் தகப்பனுக்கு மட்டும். பொலிஸ் பிடிப்பது தகப்பனைத்தான் என்பதால் அதில் ஒரு நியாயம் இருந்தது. சிலர் ஓட்டோவில் வருவார்கள். பின் இருக்கை நிறையப் பிள்ளைகள், அவர்களின் மடியில் பிள்ளைகள், சாரதியின் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. எல்லாரையும் இறக்கிய பிறகும், உள்ளே யாரும் மிஞ்சிக் கிடக்கிறார்களா என்று குனிந்து பார்க்க வேண்டும்.

அவருடைய ஓட்டோ மட்டும் நான்கு பிள்ளைகளோடு வரும். எப்போதும் கடைசியாக வரும்.

அவருக்கு அப்போது ஐம்பதை ஒட்டிய வயது. மெலிந்த ஆள். நீளப் பாவாடை, மேலே ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை. ஸ்கந்தபுரத்தில் பிறந்து, கலியாணம் முடித்து எங்கள் பக்கம் வந்தவர். புருசன் காய்ச்சலில் இறந்த பிறகு ஓட்டோ ஓடத் தொடங்கினார். பெண் ஓட்டோ ஓடுவதைப் பற்றி ஊர் கொஞ்சக் காலம் கதைத்தது. பிறகு விட்டுவிட்டது, அதைவிடப் பெரிய கதை கிடைத்ததால். அவர் ஓட்டோவின் பின் இருக்கைக்கு பெல்ட் போட்டார்.

"செய்தவனே வைக்காததை இவா வைக்கிறா" என்று மற்ற ஓட்டோக்காரர்கள் சிரித்தார்கள். அவர் கராஜில் கொடுத்து, இருக்கைக்குப் பின்னால் இரும்புச் சட்டம் ஒன்றை ஓட்டோவின் உடம்போடு சேர்த்து ஒட்டுவித்தார். பெல்ட்டுகளைப் பழைய இரும்புக் கடையில் வாங்கினார். பிரச்சினை அங்கேதான் தொடங்கியது. அந்தக் கடைக்கு வந்த வாகனங்கள், சண்டை முடிந்தபின் முள்ளிவாய்க்கால் பக்கம் குவியலாகக் கிடந்தவை. பலவற்றுக்கு உரிமை கேட்டு வர ஆள் இருக்கவில்லை.

தாய் ஒருத்தி என் முன்னாலேயே அவரிடம் கேட்டாள்.

"அக்கா, அது செத்த ஆக்களின்ர வாகனத்துப் பெல்ட் எல்லோ. என்ர பிள்ளையை அதால கட்ட வேண்டாம்."

"வாகனம்தான் செத்தது. பெல்ட் நல்லாக் கிடக்கு. வெயில் படாமல் உள்ளுக்குச் சுருண்டு கிடந்ததை மட்டும்தான் எடுத்தனான்."

"இரத்தம் ஏதும் பட்டிருந்தால்?"

"தோய்ச்சனான்."

அந்தப் பிள்ளை வேறு ஓட்டோவுக்கு மாறியது. அங்கே அதற்கு மடிதான் கிடைத்தது. மாதம் முடிய முதல் திரும்பி வந்துவிட்டது.

தோய்த்ததோடு அவர் விட்டுவிடவில்லை. ஒவ்வொரு பெல்ட்டிலும் நெல் மூட்டையைக் கட்டி, வீட்டு முற்றத்து மரத்தில் தொங்கவிட்டு, ஒரு பகல் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தாராம். போட்டுப் பார்த்தால் சின்னப் பிள்ளைகளுக்குப் பட்டி கழுத்தில் வந்தது. தச்சனிடம் போய் பலகைப் பெட்டிகள் செய்வித்து, மேலே பஞ்சு வைத்துத் தைத்து, பட்டி தோளுக்கு வரும்படி பிள்ளைகளை உயர்த்தி இருத்தினார். "கழுத்தில வந்தால் அது பெல்ட் இல்லை, தூக்குக் கயிறு" என்று பெற்றோரின் கூட்டத்தில் எழும்பிச் சொன்னார். நான் தேநீர் கொடுத்தேன்.

பள்ளி விட்டதும் அவர் செய்வதைப் பார்க்க மற்றப் பிள்ளைகளும் நிற்பார்கள். நான்கு பேரையும் இருத்துவார். பட்டியை இழுத்து, பூட்டில் கொளுவி, நெஞ்சடியில் இரண்டு விரலை நுழைத்துப் பார்ப்பார். பூட்டு 'டிக்' என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மறுபடி முதலில் இருந்து. அவசரம் என்று யார் சொன்னாலும் அவர் காதில் விழாது. மழையில் நனைந்துகொண்டு நின்று கொளுவியதையும் கண்டிருக்கிறேன். பிள்ளைகள் அவரை பெல்ட் அன்ரி என்றார்கள். ஓட்டோக்காரர்கள் அவருடைய ஓட்டோவை மாட்டுப்பட்டி என்றார்கள். இரண்டுக்கும் அவர் ஒரே மாதிரித் திரும்பிப் பார்ப்பார்.

எங்கள் பக்கத்தில் ஒருவர் எதையாவது விடாப்பிடியாகச் செய்தால், அதற்குப் பின்னால் ஒரு சாவு இருக்கும் என்று நாங்கள் எடுத்துக்கொள்வோம். பெரும்பாலும் இருக்கும். ஆகவே ஊர் அவருக்கு ஒரு பிள்ளையைக் கொடுத்து, அதை பஸ்ஸிலிருந்து விழுத்திச் சாக்காட்டியும் விட்டது. இன்னொரு கதையில் அது மோட்டார் சைக்கிள். நான் ஒருநாள் மெல்லக் கேட்டேன்.

"உங்கட பிள்ளை ஒண்டு விபத்தில..."

"ஆர் சொன்னது?"

"சனம் கதைக்குது."

"எனக்கு ஒரு மகன். வவுனியாவில கராஜ் ஒண்டில வேலை. உயிரோடதான் இருக்கிறான். போன் எடுக்கிறேல்லை, அவ்வளவுதான்."

"அப்ப ஏன் இதில இவ்வளவு பிடிவாதம்?"

"பிள்ளை செத்தால்தானோ கட்டோணும், ரீச்சர்? செத்த பிறகு ஆரைக் கட்டுறது?"

அவர் பதிலுக்கு நிற்கவில்லை. கடைசிப் பிள்ளையின் பூட்டு 'டிக்' என்றது, போய்விட்டார்.

ஒரு ஆவணியில் கனடாவிலிருந்து இளம் தாய் ஒருத்தி, கைக்குழந்தையோடு சொந்தங்களைப் பார்க்க வந்திருந்தாள். புதுக்குடியிருப்புக்குப் போக அவருடைய ஓட்டோவைக் கேட்டாள். எனக்கும் அங்கே அலுவல் இருந்ததால் நானும் ஏறினேன். குழந்தை தாயின் மடியில் நின்று கம்பியைச் சப்பிக்கொண்டிருந்தது. அவர் ஓட்டோவை எடுக்கவில்லை.

"குழந்தைக்குக் கார்க் கதிரை இல்லையோ, பிள்ளை? அங்க எல்லாரும் வைச்சிருக்கிறது எண்டு கேள்வி."

"இருக்கு அக்கா. கொழும்பில விட்டிட்டு வந்தனான். அங்க அது சட்டம். கதிரை இல்லாட்டி ஆஸ்பத்திரியாலயே பிள்ளையைக் காரில ஏத்த விடமாட்டினம். பிடிச்சால் தண்டம். இஞ்ச ஆர் கேக்கப்போயினம்?"

"நான் கேக்கிறன்."

அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

"அங்கத்தை ரோட்டு கல்லு, இஞ்சத்தை ரோட்டு பஞ்சோ?"

அவள் இறங்கி வேறு ஓட்டோவில் போனாள். நான் பஸ்ஸில் போனேன். இரண்டு கிழமை கழித்து கொழும்பிலிருந்து வந்த வான் வண்டி ஒன்றில் அந்தக் கதிரை வந்து சேர்ந்தது. அதன் பிறகு அவள் எங்கே போவதென்றாலும் அவரைத்தான் கூப்பிட்டாள். குழந்தை பின்பக்கம் பார்த்தபடி, மகாராணி மாதிரி இருந்து போனது. திரும்பிப் போகும்போது கதிரையை அவரிடமே விட்டுவிட்டுப் போனாள். நன்றிக்காக என்று சொல்லவில்லை, பயணப் பெட்டியில் இடம் போதவில்லை என்றாள்.

பொலிஸ் ஒருநாள் பரந்தன் வீதியில் அவரை மறித்தது. அன்று ஒரு பிள்ளை வராததால், அந்த இடத்தில் பெல்ட் போட்டு நானும் உள்ளே இருந்தேன். தெற்கிலிருந்து வந்த சார்ஜன்ட், தமிழ் ஓரளவு தெரியும்.

"இது என்ன?"

"பெல்ட், சேர்."

"ஓட்டோவுக்கு பெல்ட் இல்லை."

"அதுதான் போட்டனான்."

"சட்டத்தில இல்லை அம்மா."

"போடக்கூடாது எண்டு இருக்கோ?"

சார்ஜன்ட் யோசித்தார். அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போது, நிரம்பி வழிந்த பள்ளிக்கூட ஓட்டோ ஒன்று எங்களைக் கடந்து போனது. அதிலிருந்த பிள்ளைகள் அவருக்குக் கை காட்டினார்கள். அவரும் காட்டினார். பிறகு குனிந்து, ஒரு பிள்ளையின் பட்டியைக் கழற்றித் தானே கொளுவிப் பார்த்தார். 'டிக்' என்ற சத்தம் அவருக்கும் பிடித்திருக்க வேண்டும், இன்னொரு தடவை செய்தார். கைத்தொலைபேசியில் படம் எடுத்தார். தன் மனைவி தினமும் மகனை மோட்டார் சைக்கிளில் முன்னால் நிறுத்திக்கொண்டு பள்ளிக்குப் போகிறாள், அவளுக்கு அனுப்பத்தான் என்றார்.

"அனுப்புங்கோ" என்று பெல்ட் அன்ரி சொன்னார். "படத்தில பூட்டு தெரியோணும்."

சார்ஜன்ட் பூட்டு தெரியும்படி இன்னொரு படம் எடுத்தார்.

பிள்ளைகளை மட்டும் கட்டினார் என்று நினைக்கக் கூடாது. மீன்பெட்டியைக் கட்டினார், எரிவாயுச் சிலிண்டரைக் கட்டினார், சந்தைக்குப் போன கிடாய் ஆட்டையும் கட்டினார். எங்கள் முன்பள்ளிக்குப் பக்கத்துக் கோவிலின் மாதா சுருவத்துக்கு வர்ணம் பூசி, புதுக்குடியிருப்பிலிருந்து கொண்டுவரும் பொறுப்பு ஒருமுறை அவருக்குக் கிடைத்தது. வந்து இறங்கியபோது மாதா பின் இருக்கையில் பெல்ட்டோடு இருந்தார். கையில் இருந்த பாலனுக்கும் சேர்த்துப் பட்டி போயிருந்தது. செபமாலை சொல்லி முடித்து வெளியே வந்த பெண்கள் ஓட்டோவைச் சுற்றி நின்று பார்த்தார்கள். சுவாமியார்தான் கேட்டார்.

"மாதாவையும் கட்டிப்போட்டீங்களோ?"

"கையில பிள்ளை வைச்சிருக்கிறா, ஃபாதர். கோவிலுக்குள்ள அவா எப்பிடியும் வைச்சிருக்கட்டும். ஓட்டோவில ஏறினால் கட்டோணும்."

சுவாமியார் தானே குனிந்து பட்டியைக் கழற்றி மாதாவை இறக்கினார்.

எனக்கு விளங்காமல் இருந்தது அவருடைய வெள்ளிக்கிழமை வழக்கம். வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் பிள்ளைகளைக் கட்டி இருத்துவார். ஓட்டோவை எடுக்கமாட்டார். வெளியே நின்று "கழட்டு" என்பார். பிள்ளைகள் சிவப்புப் பொத்தானை அமத்தி, பட்டியை உதறி, வேலிப் பக்கமாக இறங்கி, எங்கள் வேம்பு வரைக்கும் ஓட வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு கழற்ற வேண்டும். ஒற்றைக் கையால் கழற்ற வேண்டும். முதலாவதாக வந்தவருக்குப் பரிசு இல்லை. கடைசியாக வந்தவர் திரும்பச் செய்ய வேண்டும். பிள்ளைகள் இதை விளையாட்டென்று நினைத்தார்கள். அவருடைய முகத்தைப் பார்த்தால் விளையாட்டாகத் தெரியவில்லை.

"கொளுவப் பழக்கினால் போதும்தானே" என்றேன்.

"காணாது. கழட்டத் தெரியாத பிள்ளையை நான் கட்டமாட்டன்."

விபத்து நடந்தது கார்த்திகை மழையில். பள்ளிக்குக் கிட்டத்தான். மணல் ஏற்றிய டிப்பர் ஒன்று மாட்டுக்கு விலத்தி அவருடைய பக்கத்துக்கு வந்துவிட்டது. அவர் ஓட்டோவை ஓரத்துக்கு வெட்டினார். அது சரிந்து, வீதியோர வாய்க்காலுக்குள் பக்கவாட்டில் விழுந்தது. வாய்க்கால் நிறைய வெள்ளம். சத்தம் கேட்டு நான் குடையைப் போட்டுவிட்டு ஓடினேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது ஓட்டோவுக்குள் யாரும் இல்லை. பட்டிகள் தண்ணீரில் மிதந்தன. பிறகுதான் பார்த்தேன், பிள்ளைகள் மேட்டில் ஒரு பாலை மரத்தடியில், பள்ளியில் நிற்பதைப் போலவே வரிசையாக நின்றார்கள். தோய்ந்து நடுங்கிக்கொண்டு நின்றார்கள். ஒருத்தி மட்டும் அழுதாள், சாப்பாட்டுப் பெட்டி போய்விட்டதென்று.

அவர் கொஞ்சம் தள்ளிச் சேற்றில் கிடந்தார். முன் இருக்கையில் பெல்ட் இல்லை. இடது தோள் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. என்னைக் கண்டதும் கேட்டார்.

"நாலும் நிக்குதோ?"

"நிக்குது."

"எண்ணிச் சொல்லுங்கோ."

நான் திரும்பி, ஒவ்வொருவராக விரல் நீட்டி எண்ணிச் சொன்னேன். அதன் பிறகுதான் அவர் கண்ணை மூடினார்.

அடுத்த நாள் ஒரு தகப்பன் பள்ளிக்கு வந்தார். மகளின் தோளிலிருந்து இடுப்புவரை குறுக்காக ஒரு கண்டல். "பாருங்கோ ரீச்சர், பெல்ட் இழுத்த அடையாளம். பொம்பிளைப் பிள்ளை. தழும்பு விழுந்தால் ஆர் பதில் சொல்லுறது?" கண்டல் மாறிவிடும் என்றேன். பட்டி இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று தொடங்கினேன். அது நேர்த்திக்கடன் காப்பாற்றியது என்றார் அவர். மற்ற இரண்டு குடும்பங்கள் மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தின. ஒரு குடும்பம் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தது. கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் அவரைப் பார்க்கப் போனபோது இதையெல்லாம் சொன்னேன்.

"நல்லது" என்றார். "மாதாவும் பிள்ளையாரும் அங்க நிண்டிருப்பினம்."

காறை எலும்பு முறிந்திருந்தது. இளம் டொக்டர் ஒருவர் கட்டைப் பரிசோதித்துக்கொண்டே கேட்டார், "பின்னுக்கு எல்லாருக்கும் பெல்ட் போட்டிருக்கிறீங்கள். உங்களுக்கு ஏன் போடேல்லை அம்மா?"

"எனக்குப் போட்டால் ஆர் இழுத்துப் பாக்கிறது?"

டொக்டர் அடுத்த கட்டிலுக்குப் போனார்.

மகனை அன்றுதான் முதல் தடவையாகக் கண்டேன். வவுனியாவிலிருந்து வந்து, உள்ளே போகாமல் வாசலில் நின்றான். இருபது வயது இருக்கும். நகக்கண்ணெல்லாம் கிறீஸ். நான் யாரென்று சொன்னதும், யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று காத்திருந்தவனைப் போலக் கதைக்கத் தொடங்கினான்.

"அம்மாக்கு இது எப்ப துவங்கினது எண்டு தெரியுமோ, ரீச்சர்? கடைசியா இடம்பெயர்ந்து போகேக்க. ட்ரக்டர் பெட்டியில சாமானுக்கு மேல இருந்து போறம். எனக்குக் காய்ச்சல். நித்திரையில விழுந்திடுவன் எண்டு சீலையால என்னைப் பெட்டிக் கம்பியோட சேத்துக் கட்டினவா. பிறகு ஷெல் விழத் துவங்கிட்டுது. எல்லாரும் குதிச்சு ஓடிட்டினம். அம்மா முடிச்சை அவிழ்க்கப் பாக்கிறா. சீலை மழையில நனைஞ்சு இறுகிப்போச்சு. கையால ஏலாமல் பல்லால கடிச்சவா. நான் அவான்ர முகத்தையே பாத்துக்கொண்டிருந்தனான்."

"அவிழ்ந்ததோ?"

"இல்லை. கடைசியில என்ர மேல கவிழ்ந்து படுத்திட்டா."

"பிறகு?"

"எங்களுக்கு ஒண்டும் நடக்கேல்லை. ஓடின ஆக்கள் போன பக்கம்தான் விழுந்தது."

ஒரு முறைப்பாட்டைச் சொல்வதைப் போலத்தான் சொன்னான். கொஞ்சம் பொறுத்து, "அவா கட்டினதாலதான் நான் இருக்கிறன் எண்டு எல்லாரும் சொல்லுவினம். எனக்கும் தெரியும். ஆனால் இண்டைக்கும் நெஞ்சில பட்டி பட்டால் எனக்கு மூச்சு வராது. போன் எடுத்தால் முதல் கேள்வி, பெல்ட் போட்டனியோ எண்டுதான். அதான் எடுக்கிறேல்லை" என்றான்.

உள்ளே போனான். கட்டிலடியில் நின்றான். அவர் அவனைப் பார்த்து, "எதில வந்தனி?" என்று கேட்டார்.

"பஸ்ஸில."

"இருந்தோ, நிண்டோ?"

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் தேநீர் வாங்கப் போனேன்.

எலும்பு கோணலாகத்தான் பொருந்தியது. இடது கை தோளுக்கு மேல் எழும்பவில்லை. கிளச் பிடிக்க முடியாது என்று ஓட்டோவை விற்றுவிட்டார். வாங்கியவர் முதல் வேலையாக பெல்ட்டையும் பலகைப் பெட்டிகளையும் கழற்றினார், இடம் காணாதென்று. அதைக் கேள்விப்பட்டபோது அவர் கோழிக்குத் தீன் போட்டுக்கொண்டிருந்தார். "நான் ஒட்டுவிச்ச சட்டத்தைக் கழட்ட ஏலாது" என்று மட்டும் சொன்னார்.

அவரை நான் கடைசியாகப் பார்த்தது அதற்குச் சில வருடங்கள் கழித்து, எனக்கு மாற்றம் வந்து வவுனியாவுக்குப் போக இருந்த சமயம். சித்திரை வெயில். சைக்கிளில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். வீதியோரமாக அவர் நடந்து வந்தார். வலது தோளில் ஒரு கைக்குழந்தை. பக்கத்தில் மருமகள் குடை பிடித்துக்கொண்டு வந்தாள். அவர்களுக்கு அருகே மகன், இரவல் மோட்டார் சைக்கிளில், இரண்டு காலையும் நிலத்தில் ஊன்றி ஊன்றி, நடை வேகத்தில் வந்துகொண்டிருந்தான். பிள்ளையைக் காட்டக் கூட்டிக்கொண்டு வந்தவர்கள், மனைவியின் சொந்தக்காரர் வீட்டுக்குத் திரும்புகிறார்கள் என்று பிறகு தெரிந்தது. வீடு புதுக்குடியிருப்பில்.

"அம்மா, பிள்ளையை இவளிட்டக் குடுங்கோ. மெதுவா ஓடுறன்."

"நீ ஓடு. ஆர் மறிச்சது?"

"எல்லாரும் இப்பிடித்தான் கொண்டு போகினம்."

"கொண்டு போகட்டும்."

"புதுக்குடியிருப்பு வரைக்கும் நடக்கப்போறீங்களோ? பிள்ளைக்கு வெயில்."

"குடை இருக்கு. நடக்கிறதும் பிள்ளை இல்லை, நான்."

என்னைக் கண்டதும் தலையசைத்தார், நிற்கவில்லை. நான் இறங்கி, சைக்கிளை உருட்டிக்கொண்டு பின்னால் போனேன். எதற்கென்று கேட்டால் தெரியாது. யாராவது கூடப் போக வேண்டும் போல இருந்தது.

கொஞ்சத் தூரத்தில் அவருடைய நடை சாயத் தொடங்கியது. குழந்தையைத் தோள் மாற்ற முடியவில்லை. இடது கை வயிற்றளவுக்கு வந்து நின்றுவிடும். மகன் அதைப் பார்த்தான். மோட்டார் சைக்கிளை ஒரு கடை வாசலில் நிறுத்தினான். திறப்பைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டான். வந்து, இரண்டு கையையும் நீட்டினான்.

"தாங்கோ."

அவர் அவனுடைய காலைப் பார்த்தார், செருப்பைப் பார்த்தார், பிறகு குழந்தையைக் கொடுத்தார்.

அவன் குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தான். அவர் வீதிப் பக்கமாக மாறி, அவனுக்கும் வாகனங்களுக்கும் நடுவில் வந்தார். எங்களுக்குப் பின்னாலிருந்து ஒரு டிப்பர் ஹோர்ன் அடித்துக்கொண்டு வந்தது. புழுதி எழும்பியது. அவர் வலது கையை நீட்டி மகனின் சட்டையின் பின்பக்கத்தை இறுக்கிப் பிடித்தார். டிப்பர் போய், புழுதியும் அடங்கியது. அவர் பிடித்த கையை எடுக்கவில்லை.

மகன் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். பிறகு அந்தக் கை சட்டையில் இருக்கவே, தாயின் நடைக்கு ஏற்றபடி நடையைக் குறைத்துக்கொண்டான்.